‘இது உண்மையா, டீச்சர்?’ – கதைக்கும் வரலாற்றுக்கும் நடுவே ஒரு வகுப்பு

கதை சொல்லி முடித்தவுடன் வகுப்பில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இது உண்மையா, டீச்சர்?”

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. “ஆமாம், உண்மைதான்” என்பது ஒன்று. “இல்லை, சும்மா கதை” என்பது மற்றொன்று. முதல் பதிலைக் கேட்ட குழந்தை, சொல்லப்படுவது எதையும் சோதிக்காமல் ஏற்கப் பழகுகிறது. இரண்டாவது பதிலைக் கேட்ட குழந்தைக்கு, வீட்டில் அந்தக் கதையைச் சொன்ன பாட்டி பொய் சொன்னவளாகிவிடுகிறாள். இரண்டுமே இழப்புதான். இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையான மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அதைக் குழந்தையே தேடிக் கண்டடையும்படி வகுப்பை அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை எழுதுகிறவர்களும் வாசகர்களிடமிருந்து இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். அதை அவர்கள் எதிர்கொள்ளும் விதத்தில் ஆசிரியர்களுக்குப் பாடம் இருக்கிறது. முதலில் சற்றுத் தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிறகு நம் இரும்பைக்கே வருவோம்.

போர்வை தைப்பவர்களின் நாவல் வரிசை

சிறு சிறு துணித் துண்டுகளை வடிவம் பார்த்து இணைத்து, நடுவில் பஞ்சும் அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டித் தைப்பது ஒட்டுத்துணிப் போர்வை. அமெரிக்காவில் இதற்கு ‘க்வில்ட்’ என்று பெயர். நமக்கும் இது புதிதல்ல. வங்காளப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி ஆகியவை இதற்கு உறவுக் கலைகள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜெனிஃபர் சியாவெரினி, போர்வை தைக்கும் பெண்களை மையமாக வைத்து ‘எல்ம் க்ரீக் க்வில்ட்ஸ்’ என்ற நாவல் வரிசையை எழுதினார். முதல் நாவல் 1999-இல் வந்தது. 2002-இல் வந்த ‘தி ரனவே க்வில்ட்’ நம் பாடத்துக்கு மிகவும் பொருந்தும். அதில் சில்வியா என்ற மூதாட்டி, தம் முன்னோர் அடிமைகள் தப்பிச்செல்ல உதவினார்கள் என்ற குடும்பக் கதையைக் கேட்டு வளர்ந்தவர். அது உண்மையா என்று அறிய அவர் சான்று தேடுகிறார். பழைய போர்வைகளும், குடும்பத்து முன்னோர் பெண் ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பும் கிடைக்கின்றன. அந்தக் குறிப்பில் இருப்பவை எல்லாம் பெருமைப்படத் தக்கவை அல்ல. கதையில் வரும் ஜோவன்னா என்ற பெண் என்ன ஆனாள் என்ற கேள்வி வாசகர் மனத்தில் நிற்கும். அதற்கு 2009-இல் வந்த ‘தி லாஸ்ட் க்வில்டர்’ நாவலில் விடை வருகிறது.

வாசகர் கேட்கக்கூடிய ‘உண்மையா?’ என்ற கேள்வியை நாவலாசிரியர் தம் பாத்திரத்தின் கேள்வியாகவே ஆக்கியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கதை பாடமாக மாறியபோது

இந்த நாவலின் பின்னணியில் உண்மையான விவாதம் ஒன்று உண்டு. 1865-இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிவதற்கு முன், தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வடக்கு நோக்கி வந்தவர்களுக்குப் பலர் ரகசியமாக அடைக்கலம் தந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்று பெயர். பெயரில் ரயில்பாதை இருந்தாலும் அது ரயில் அல்ல. வீடு வீடாகத் தொடர்ந்த உதவிச் சங்கிலி.

1993-இல் டெபோரா ஹாப்கின்சன் எழுதிய சிறுவர் நூல் ஒன்றில், அடிமைச் சிறுமி ஒருத்தி தப்பிச்செல்லும் வழியைப் போர்வையில் வரைபடமாகத் தைக்கிறாள். அது கதை. 1999-இல் ஜாக்குலின் டோபின், ரேமண்ட் டோபார்ட் ஆகிய இருவர் ‘ஹிடன் இன் ப்ளெய்ன் வியூ’ என்ற நூலை வெளியிட்டார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் சந்தையில் போர்வை விற்ற ஓசெல்லா வில்லியம்ஸ் என்ற பெண், தம் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டதாகக் கூறிய செய்தியே அந்த நூலின் அடிப்படை. ஒவ்வொரு போர்வை வடிவமும் தப்பிச்செல்வோருக்கு ஒரு சங்கேதம் என்பது அச்செய்தி.

கேட்டவுடன் மனத்தைக் கவரும் கதை இது. பள்ளிகள் பலவற்றில் வரலாற்றுப் பாடமாகவே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் சில எளிய கேள்விகளைக் கேட்டார்கள். தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை ஃபிலடெல்ஃபியாவில் எழுதிவைத்து 1872-இல் நூலாக்கிய வில்லியம் ஸ்டில் இதைச் சொல்கிறாரா? 1838-இல் தானே தப்பிவந்து தன்வரலாறு எழுதிய பிரெடெரிக் டக்ளஸ் சொல்கிறாரா? 1936 முதல் 1938 வரை, முன்பு அடிமைகளாக இருந்த 2,300-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த நேர்காணல்களில் இது வருகிறதா? சங்கேதமாகச் சொல்லப்படும் வடிவங்களில் ஒன்றான ‘இரட்டைத் திருமண மோதிரம்’ 20-ஆம் நூற்றாண்டில்தானே பரவலாகத் தெரிய வருகிறது?

போர்வைச் சங்கேதத்துக்கு அக்காலச் சான்று இல்லை என்பதே வரலாற்றறிஞர் பலரின் முடிவு. நியூயார்க்கில் டக்ளஸுக்கு எழுப்பப்பட்ட நினைவிடத்தில் இந்தப் போர்வைச் சின்னங்களைச் சேர்க்கத் திட்டமிட்டபோது, 2007-இல் அவர்கள் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்கள்.

அப்படியானால் அந்தக் குடும்பக் கதைக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் தம் முன்னோரின் அறிவையும் துணிவையும் எப்படி நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் 1850-இல் என்ன நடந்தது என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வேறுபாட்டை மாணவர் உணர்வதே பாடத்தின் உயிர்.

கேட்டு எழுதியதால் நிலைத்தது

இதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. ஜார்ஜியாவில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வை ஒன்றை 1886-இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். அப்போது ஹாரியட் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், பண நெருக்கடியில், ஐந்து டாலருக்கு விற்றார். விற்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன காட்சி இருக்கிறது என்று அவர் விளக்க, ஸ்மித் அதை எழுதிவைத்தார். அந்தப் போர்வை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்வையோடு அதைத் தைத்தவரின் விளக்கமும் நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், ஓர் ஆசிரியை கேள்வி கேட்டு, விடையை அன்றே குறித்துக்கொண்டதுதான்.

கி.ரா. காட்டும் வழி

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கி. ராஜநாராயணன். இடைசெவலில் பிறந்து, பிற்காலத்தில் புதுவையில் வாழ்ந்து, 2021-இல் அங்கேயே மறைந்தவர். ‘கோபல்ல கிராமம்’ 1976-இல் வந்தது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘அந்தமான் நாயக்கர்’ அதற்கடுத்தது.

தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே வந்து காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதை ‘கோபல்ல கிராமம்’. துரத்தப்பட்டு வந்தவர்கள் ஆற்றைக் கடக்க வழியின்றி நிற்கும்போது, கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அக்கரை சேர்க்கிறது. ‘இது நடக்குமா?’ என்று மாணவர் கேட்பார். கி.ரா. இதை வரலாறு என்று சொல்லவில்லை. பொய் என்று ஒதுக்கவும் இல்லை. மங்கத்தாயாரு அம்மாள் என்ற மிக வயதான பாட்டி சொல்வதாக எழுதுகிறார். ‘மரம் வளைந்தது’ என்பது ஒரு கூற்று. ‘மரம் வளைந்தது என்று பாட்டி சொன்னாள்’ என்பது வேறொரு கூற்று. இரண்டாவது கூற்றை யாரும் மறுக்க முடியாது. நாம் தேடும் மூன்றாவது பதில் இதில்தான் இருக்கிறது.

இரும்பையில் ஒரு வகுப்பு

இரும்பை மாகாளேசுவரர் கோயிலைச் சுற்றி வழங்கும் கடுவெளிச் சித்தர் கதையை இப்பகுதிக் குழந்தைகள் பலர் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். மழையில்லாக் காலத்தில் மரத்தடியில் தவம் செய்த சித்தர். தவத்தைக் கலைக்க அரசன் அனுப்பிய வள்ளி என்ற நடனப் பெண். உதிரும் இலையை உண்டு வாழ்ந்த சித்தரின் கையில் அவள் வைத்த அப்பளம். கோயிலில் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, கூட்டம் கேலி செய்தது. அவர் பாட, சிவலிங்கம் மூன்றாகப் பிளந்தது என்பது கதை. ஆரோவில் வட்டாரத்தில் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதுண்டு: சித்தரின் சாபத்தால் நிலம் வறண்டது, தொலைதூர நாட்டவர் வந்து அதை மீண்டும் பசுமையாக்குவார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள்.

1. இருப்பது, எழுதப்பட்டிருப்பது: கோயில் இருக்கிறது. இரும்பை மாகாளத்தைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. ஆரோவில் தொடங்கப்பட்ட நாள் 28 பிப்ரவரி 1968.

2. சொல்லப்படுவது: சித்தர், வள்ளி, சிலம்பு, லிங்கம் பிளந்தது, சாபம்.

3. நாம் கற்பனை செய்தது: கதையைச் சொல்லும்போது நாமே சேர்த்தவை. அரசன் பேசிய வசனம், வள்ளியின் உடை நிறம் போன்றவை.

பிறகு நான்கு கேள்விகள். யார் சொன்னார்? எப்போது சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவது, வேறு ஏதாவது இதையே சொல்கிறதா?

“தொலைதூர நாட்டவர் வருவார்கள் என்ற பகுதி 1968-க்கு முன்பும் சொல்லப்பட்டதா?” என்ற கேள்விக்கு உடனே விடை தர வேண்டாம். ஊரில் மிக வயதானவர்களிடம், தங்கள் சிறுவயதில் இந்தக் கதையை எப்படிக் கேட்டார்கள் என்று குழந்தைகள் விசாரித்து வரட்டும். இருவர் சொல்வது வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பாடத்தின் வேலை அல்ல.

தொடக்கநிலை வகுப்புகளில் வாய்மொழியாகவே செய்யலாம். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘நினைத்தது’ என்று மூன்று மூலைகளில் ஒன்றுக்குக் குழந்தைகள் ஓடிப்போய் நிற்கட்டும். உயர்நிலை வகுப்புகளில் குழுவாக நேர்காணல் எடுக்கலாம். தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால் ஒரே பணி இரு பாடங்களுக்கும் உதவும்.

எல்லாக் குழந்தைகளும் கோயில் கதையோடு வருவதில்லை. தர்கா, தேவாலயம், ஏரி, எல்லைச்சாமி, குடும்பம் இடம்பெயர்ந்து வந்த கதை என எதையும் எடுக்கலாம். வீட்டார் சொல்ல விரும்பாத கதைகளை வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.

உயிரோடு இருப்பவரிடம் கேட்பது

பக்கத்திலேயே இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்புக் கூடம், மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் ‘சுனாமிகா’ என்ற சிறு பொம்மை செய்யப் பயிற்சி அளித்தது. பொம்மை விற்கப்படுவதில்லை, பரிசாகவே தரப்படுகிறது. இது நம் காலத்துச் செய்தி. அன்று ஊசி பிடித்த கைகள் பலவும் இன்றும் இப்பகுதியில் இருக்கின்றன. துணி எங்கிருந்து வந்தது, முதல் பொம்மைக்கு எவ்வளவு நேரம் ஆனது, தைக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்று மாணவர் கேட்டு எழுதினால், ஹாரியட் பவர்ஸுக்கு ஜென்னி ஸ்மித் செய்ததையே நம் மாணவர் செய்வதாகும். துயரத்தை நேரில் பட்டவர்களிடம் இழப்பைப் பற்றித் துருவிக் கேட்காமல், வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லித்தர வேண்டும். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

எதற்கு மதிப்பெண்?

விடைக்கு அல்ல, கேள்விக்கு மதிப்பெண் தரலாம். ‘நீங்கள் எப்போது பிறந்தீர்கள்?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?’ வரை மாணவர் போனாரா? சொன்னவரின் சொற்களை மாற்றாமல் எழுதினாரா? பெயர் போடலாமா என்று அனுமதி கேட்டாரா? தேதி குறித்தாரா? மூன்று கட்டங்களில் ஒவ்வொரு செய்தியையும் உரிய இடத்தில் வைத்தாரா? இந்த ஐந்தும் போதும்.

கைப்பேசியில் நாள்தோறும் வரும் செய்திகளில் எதை நம்புவது என்று நம் மாணவர்கள் தவிக்கும் காலம் இது. ‘யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும்’ என்று பாட்டி கதையில் பழகியவர், பகிரப்பட்டு வரும் செய்தியிடமும் அதையே கேட்பார். ‘இது உண்மையா, டீச்சர்?’ என்று அடுத்த முறை ஒரு குழந்தை கேட்கும்போது, “நல்ல கேள்வி. யாரிடம் கேட்டால் தெரியும்?” என்று திருப்பிக் கேளுங்கள்.