பானத்தின் தூய்மையும் தொண்டர் குழுக்களும்

கோடை பிறந்ததும் வள்ளியூர் வட்டாரத்தில் பதநீரும், நன்னாரிச் சர்பத்தும், கோலிச் சோடாவும், புட்டியில் அடைத்த குடிநீரும் ஒருங்கே விற்பனைக்கு வருகின்றன. புட்டியின் மீது உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறது. பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரப்படும் பதநீருக்கு அச்சு ஏது? எண்ணுக்குப் பின்னாலுள்ள விதிகளை எழுதுவோர் யார் என்று வினவினால், சர்க்கார் என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். அது பாதி உண்மையே.

சட்டம் இயற்றுவது சர்க்கார். ஆனால் ஒரு பானத்தில் எது எவ்வளவு இருக்கலாம், அதை எவ்வாறு சோதிப்பது என்னும் நுட்பங்களைத் தொழில் அறிந்தவர்கள் கூடியிருந்தே வகுக்கின்றனர். 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனமும், 1987-இல் அதன் இடத்திற்கு வந்த இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இம்முறையையே கையாண்டு வந்துள்ளன. ஆலை நிபுணர்கள், ஆய்வுக்கூட விஞ்ஞானிகள், அதிகாரிகள், நுகர்வோர் பிரதிநிதிகள் ஆகியோர் அதன் குழுக்களில் அங்கம் வகிக்கின்றனர். இப்பணிக்கென அவர்களுக்குச் சம்பளம் இல்லை. முதலில் வரைவை வெளியிட்டு, பொது ஜனங்களின் கருத்தையும் கேட்ட பின்னரே அதனை முடிவு செய்கின்றனர். மைசூரில் 1957-இல் நிறுவப்பெற்ற உணவு விஞ்ஞானிகள், தொழில்நுட்பர்கள் சங்கமும் தொழில் அறிந்தோர் தாமாகச் சேர்ந்து நடத்தும் சங்கமே.

சம்பளம் இல்லாமையால் சார்பும் இராது என்று எண்ணிவிடலாகாது. ஆலையிலிருந்து வருபவர் ஆலையின் நலனை மறந்துவிட்டு வருவதில்லை. ஆகவேதான் வெளியிலிருந்து கேட்போரும் வேண்டும். 2003 ஆகஸ்டு 5-ஆம் நாள் டில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் என்னும் தொண்டு நிறுவனம், தான் சோதித்த 12 வகை மென்பானங்களிலும் பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதாக அறிவித்தது. பாராளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று இதனை விசாரித்து, 2004 பிப்ரவரியில் அம்முடிவு சரியே என்று கூறியது. அதன் பின்னரும் விதியை எழுதுவதில் ஆண்டுக்கணக்கில் வாதம் நிகழ்ந்தது. அச்சம்பவத்தில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பூச்சிமருந்து வந்த வழிகளில் முக்கியமானது ஆலைகள் இறைத்த நிலத்தடி நீர். வயலில் தெளித்தது மண்ணில் இறங்கி நீரோடு கலந்து புட்டிக்குள் புகுந்தது. நம் கிணற்று நீருக்கும் இதே கதைதான்.

இனிப் பதநீருக்கு வருவோம். பாளையிலிருந்து சொட்டும் சாறு சர்க்கரை மிகுந்தது. காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதனைப் புளிக்கச் செய்துவிடும். கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பு சாற்றில் காரத்தன்மையை உண்டாக்கி அதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் கள்ளாகிவிடும். மிகுந்தால் நாக்கைச் சுடும். சரியான அளவு பனையேறியின் விரலுக்குத்தான் தெரியும். அவ்வறிவை எழுதி வைப்போர் அரியர். கலயத்தைக் கழுவி வெயிலில் உலர்த்துவதும், வாயை மூடிக் கட்டுவதும் சுண்ணாம்பைப் போலவே முக்கியம். வங்காள தேசத்தில் வௌவால்கள் வாய் வைத்த ஈச்சஞ்சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களை நிபா நோய் தாக்கியிருக்கிறது. அங்கே சாறு இறங்கும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தபோது வௌவால்கள் அணுகவில்லை. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. கலயத்திற்கு மூடி இட்டால் போதும். விடிலியில் கொதிக்கக் காய்ச்சும் கருப்பட்டிக்கு இக்கவலையும் இல்லை.

பனையேறி எளிதில் டில்லிக் குழுவில் சென்று அமர இயலாது. ஆனால் அவர் அறிந்தது எழுத்தில் அங்கே செல்லலாம். இதற்குப் பஞ்சாயத்துதோறும் ஒரு சிறு தொண்டர் குழு வேண்டும் என்பது எமது கருத்து. பனையேறிகள் இருவர், உயர்நிலைப் பள்ளியின் ரசாயன ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், சர்பத் கடைக்காரர் ஒருவர் ஆகியோர் போதும். ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் நீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால் அவர்களையும் தவறாது சேர்க்க வேண்டும். கருவிப்பெட்டியைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்களே. சர்பத்தும் பனிக்கட்டியும் எந்த நீரால் ஆகின்றன, குழாய் நீரில் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் உள்ளதா என்று அவர்கள் பார்க்கட்டும். பதநீர் இறக்கிய நேரம், விற்ற நேரம், இரு வேளையிலும் பி.எச். தாள் காட்டிய நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கட்டும். அதிகாரம் செய்வது இக்குழுவின் வேலை அன்று. ஐயம் தோன்றினால், பொருளை வாங்கியவரே கட்டணம் செலுத்தி ஆய்வு செய்வித்துக்கொள்ள 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. குறை காணப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மார்ச்சு 22-ஆம் நாள் கிராம சபையில் குழுவை அமைத்தால், மே முதல் நாள் சபைக்குள் ஐந்தாறு வாரக் குறிப்புகள் சேர்ந்துவிடும். அவற்றைச் சபையில் உரக்கப் படித்த பின், பனை ஆராய்ச்சி நடத்தும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு ஒரு பிரதியும், தர நிர்ணய அமைவனத்திற்கு ஒரு பிரதியும் அனுப்பலாம்.