சேர்ந்து உண்ணும் ஒரு வேளை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை அடுத்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் பலருடைய பெற்றோர் மார்க்கெட்டில் மீன், பூ, காய்கறி விற்பவர்கள். பூ விற்கும் அம்மா வீடு திரும்ப இரவு 9.30 ஆகும். மீன் விற்கும் அம்மா விடியுமுன் கிளம்ப வேண்டியிருப்பதால் 8 மணிக்கே உறங்கிவிடுவார். 'குடும்பத்தோடு இரவு உணவு உண்ணுங்கள்' என்று அறிவுரை சொன்னால் மட்டும் இவ்வீடுகளில் அது நடந்துவிடாது. ஆனாலும் அதன் பயன் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் குறைந்த வருவாய்க் குடும்பங்களின் உணவு நேரப் பேச்சைப் பேராசிரியர் கேத்தரின் ஸ்னோவும் அவர் குழுவினரும் பதிவு செய்து ஆராய்ந்தனர். நடந்ததை விவரிப்பதும், காரணம் சொல்வதும், அரிய சொற்களும் மிகுந்த பேச்சுக்கும் குழந்தைகளின் சொல்வளத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். அப்படிப்பட்ட சொற்களுக்கு மார்க்கெட் வீடுகளில் பஞ்சமில்லை: போனி, கூறு, முழம், கொள்முதல். இதை வைத்தே ஒரு செயல்பாட்டை அமைத்தேன்.

செயல்முறை

1. வாரத்தில் ஏதேனும் ஒரு வேளையைக் குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். ஞாயிறு மதியச் சோறாகவோ கடையில் பகிரும் இட்லிப் பொட்டலமாகவோ இருக்கலாம்.

2. அந்நேரம் டிவியும் கைப்பேசியும் வேண்டாம்.

3. மாணவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: இன்று வேலையில் என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? என் வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?

4. மறுநாள் ஒரு புதிய சொல்லையும் அது பற்றி ஐந்து வரிகளையும் வகுப்பில் பகிர வேண்டும்.

ஒரு மாணவி 'கூறு' என்ற சொல்லைக் கொண்டுவந்தாள். பொடி மீனை எடை போடாமல் ஏன் கூறு கட்டி விற்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். எடை போட்டு நேரம் கழிந்தால் மீன் வாடிவிடும், விலை இறங்கிவிடும் என்று அம்மா விளக்கியிருக்கிறார். 'கூறு' என்றால் 'சொல்' என்றும் பொருளாயிற்றே என்றான் வேறொருவன். அன்றைய பாடம் பல பொருள் தரும் ஒரு சொல்லாக மாறியது.

ஆசிரியர் கவனத்திற்கு

என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டாம். அது வறுமையை வகுப்பின் முன் வைத்துவிடும். 'அப்பா உடன் இருந்தாரா?' என்றும் வேண்டாம். பாட்டியோ அண்ணனோ, உடன் உண்பவர் எவரும் குடும்பமே. கடன், சண்டை பற்றி எழுதியிருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். மதிப்பெண்ணும் வேண்டாம்.

வீட்டில் தனியாக உண்ணும் பிள்ளைகளும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930இல், பள்ளி மதிய உணவு தொடங்கிய ஊர் இது. அப்பிள்ளைகளுக்கு அந்த மதிய உணவையே சேர்ந்து உண்ணும் வேளையாக்கலாம். வாரம் ஒரு நாள் நானும் தட்டோடு அவர்கள் வரிசையில் அமர்கிறேன். மூன்று கேள்விகளையும் அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்.