பட்டியலில் ஏறிய சக்தி

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெரியார் பட்ட துன்பங்கள் பல. எவ்வூரில், எவர் வீட்டில், எந்த ஏடு உள்ளது என்று கூறும் பட்டியல் இல்லாமை அவற்றுள் ஒன்று. இன்றோ, பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் பட்டியலைப் பார்த்து வேண்டிய சுவடியைக் கேட்டறியலாம்.

அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ளது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அங்கே 2014-ஆம் ஆண்டளவில் 'சக்தி' என்னும் கணிப்பொறிச் செயலியை உருவாக்கும் முயற்சி தொடங்கிற்று. 2018-ஆம் ஆண்டில் அதன் சில்லு ஒன்று சண்டிகர் அருகே உருப்பெற்றது. அதன் வடிவமைப்பை எவரும் கற்கலாம்; திருத்தலாம்; பயன்படுத்தலாம். பினாகா, பரசு, வஜ்ரா என்பன அச்செயலியைக் கொண்ட அமைப்புகளின் பெயர்கள். முதலது சிவபெருமானின் வில். அடுத்தது பரசுராமரின் மழு. மூன்றாவது இந்திரனின் படை.

வில் இருந்தால் மட்டும் போதுமா? நாணும் அம்பும் வேண்டுமன்றோ? விளக்கை ஏற்றவும், உணரியின் வாயிலாக வெப்பநிலையை அறியவும் செயலிக்குத் துணைபுரியும் நிரல்களின் தொகுதியே கருவி நிரலகம். சக்திக்கும் அத்தகைய நிரலகம் உண்டு. ஆயினும், அதனையும், மொழிமாற்றியையும், நிரலைச் சில்லில் ஏற்றும் கருவியையும் மாணவன் ஒருவன் தனித்தனியே தேடிச் சேர்த்தல் எளிதன்று. ஒன்றோடொன்று பொருந்தாவிடின் உழைப்பெல்லாம் வீணாகும். அவனும் ஏடு தேடி அலைந்தவர் நிலையையே அடைவான்.

இக்குறையைத் தீர்ப்பது பொதி மேலாளர் என்னும் மென்பொருள். 'பிளாட்ஃபார்ம்ஐஓ' என்பது அத்தகையது. உலகெங்கும் உள்ளோர் பயன்படுத்துவது. அதன் பட்டியலில் சக்தியும் இடம்பெற்றது. இன்ன செயலி, இன்ன பலகை, இன்ன நிரலகம் என்று சில வரிகள் எழுதினால் போதும். வேண்டியவை யாவும் தாமே வந்து சேரும்.

பட்டியலில் ஏற்றுவோர் செய்யவேண்டுவன சில உள. நிரலகத்தின் பெயர், ஆக்கியோர், உரிமம், அது சார்ந்திருக்கும் பிற நிரல்கள் ஆகியவற்றைப் பிழையறக் குறித்தல் வேண்டும். பதிப்பெண்ணும் இன்றியமையாதது. அது பெரும்பாலும் மூன்று பகுதிகளை உடையது. சிறு பிழையைத் திருத்தினால் கடைசி எண் மாறும். பழையன கெடாமல் புதியது சேர்ந்தால் நடு எண் மாறும். பழைய நிரல்கள் இயங்காதவாறு பெருமாற்றம் நேர்ந்தால் முதலெண் மாறும். இதில் பொய்த்தவன், தன்னை நம்பியோர் அனைவரையும் வழிதவறச் செய்தவனாவான்.

மாணவர்காள்! களஞ்சியத்தைத் திறந்து வைப்பது மட்டும் கொடையாகாது. அதற்குச் செல்லும் வழியையும் காட்டுதல் வேண்டும். நூல் செய்தவனைப் போலவே, அதனைப் பட்டியலில் சேர்த்தவனும் நம் நன்றிக்கு உரியவனாவான்.