நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே

கோயில் திருவிழா மேடை. நாலு கட்டையில் எடுக்க வேண்டிய பாட்டு. வயலின் கூட்டமும் கோரஸும் முன்பே பதிவு செய்த ட்ராக்கில். கீபோர்டும் தபேலாவும் பேஸ் கிட்டாரும் மேடையில். ட்ராக் ஓடத் தொடங்கியதுமே பாடகி திரும்பி என்னைப் பார்த்தார். சுருதி ஏறியிருந்தது. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டு தட்டினேன், சேரவில்லை. இன்னொரு தட்டு, அப்போதும் சேரவில்லை. நாலரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் அடங்காத இடத்தில் ட்ராக் போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு, ட்ராக் இல்லாமலே மறுபடி எடுத்தோம்.

காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. ட்ராக் நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் பதிவானது. இரவல் வாங்கிப் போன பிளேயரோ 48,000 கணக்கிலேயே ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. அப்படி ஓடினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். நிமிடத்துக்கு 100 அடி போக வேண்டிய தாளம் 109-ஐத் தொடும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். லேப்டாப்பும் போனும் பெரும்பாலும் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. தனிப் பிளேயர்கள் எல்லாவற்றையும் அப்படி நம்ப முடியாது.

எனவே எல்லா ட்ராக்கும் ஒரே சாம்பிள் கணக்கில், வேவ் ஃபைலாக இருக்கட்டும். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 50 எம்.பி.தான் வரும், இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு சுமையே இல்லை. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் பழைய கருவிகளும் படித்துவிடும்.

ட்ராக்கோடு வாசிப்பதில் பெரிய குழுக்களே திண்டாடியிருக்கின்றன. இங்கிலாந்தின் ‘தி ஹூ’ குழு 1973-இல் ‘குவாட்ரோஃபீனியா’ ஆல்பத்தை மேடையேற்றியபோது, சின்தசைசர் பகுதிகளை டேப்பில் ஓட்டியது. நவம்பரில் நியூகாஸில் நகரக் கச்சேரியில் டேப் ஒத்துவராமல் போக, கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் மேடையிலேயே கொதித்தெழுந்தார். கச்சேரி பாதியில் நின்று, பிறகுதான் தொடர்ந்தது. பக்கவாத்தியக்காரர் பாடகரைப் பார்த்து ஒரு ஆவர்த்தனம் காத்திருப்பார். டேப் காத்திருக்காது. டிரம்மர்தான் அதைப் பின்தொடர வேண்டும். அதற்கு அவர் காதில் தாளம் காட்டும் க்ளிக் ஒலி கேட்டாக வேண்டும்.

குறைந்த செலவில் அதற்கு வழி, ஸ்டீரியோவை இரண்டாகப் பிரிப்பது. இடப்பக்கம் க்ளிக், வலப்பக்கம் ட்ராக். க்ளிக் டிரம்மரின் ஹெட்போனுக்கு, ட்ராக் மிக்ஸருக்கு. ஒயர் மாறினால் ஊருக்கே ‘டக் டக்’ கேட்கும். வலப்பக்க ஒயரின் இரு நுனியிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். இருட்டில் பிரித்து மாட்டும்போது அந்த டேப்தான் காப்பாற்றுகிறது. லேப்டாப்பிலிருந்து நேரே மிக்ஸருக்குப் போனால், சார்ஜர் மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரலாம். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் வைத்து கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ப்ளூடூத்தை மேடைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

அப்படியானால் ட்ராக்கை ஓட்ட எதை வாங்குவது? லேப்டாப்பில் வசதி அதிகம். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஆனால் அப்டேட், நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் மூன்றையும் முதல் நாளே அணைத்து வைக்க வேண்டும். போனில் ட்ராக் போடுகிறவர்கள் ஏரோப்ளேன் மோடை மறக்கவே கூடாது. ரோலண்டின் எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற பேட் என்றால், டிரம்மரே குச்சியால் தட்டி ட்ராக்கைத் தொடங்கலாம். க்ளிக்கை ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பவும் வழி உண்டு. தாளத்தைப் பிடித்திருப்பவர் கையிலேயே தொடக்கமும் இருப்பதால் என் ஓட்டு இதற்குத்தான். குறை ஒன்று உண்டு: அது அடாப்டரில் மட்டுமே ஓடும். ஜெனரேட்டர் ஒரு கணம் தடுமாறினாலும் அணைந்துவிடும். சின்ன யுபிஎஸ் ஒன்றையும் சேர்த்தே விலை பாருங்கள்.

எதை வாங்கினாலும், ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடக் கூடாது. தொடங்குமுன் எந்தப் பாட்டு என்றும் பார்த்துவிட வேண்டும். 2004 அக்டோபரில் அமெரிக்காவின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் பாடகி ஆஷ்லி சிம்ப்சன் இரண்டாவது பாட்டுக்கு வந்து நின்றபோது, முன்பு பாடிய பாட்டின் குரல் ட்ராக் ஓடியது. மைக் வாய்க்கு வெகு கீழே இருந்தது. நேரலையில் நாடே பார்த்தது.

இப்போதெல்லாம் இரண்டு கருவிகளில் ஒரே ட்ராக்கை ஒன்றாக ஓடவிட்டு, இரண்டாவதன் ஃபேடரை மிக்ஸரில் மூடி வைக்கிறோம். முதல் கருவி நின்றால் அதைத் திறந்தால் போதும். ஒத்திகையில் பாட்டின் நடுவே சொல்லாமல் இரண்டு ஒயரையும் பிடுங்கிவிடுவேன். முதல் தடவை எல்லோரும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். போன வாரம் தபேலா நிற்கவில்லை. வயலின் போன இடத்தில் கீபோர்ட் கார்டு பிடித்தது. பாடகி சரணத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.