வலிக்காத கை நல்ல கையா?

வேலூரில் ஒரு கிடங்குக் கதவு. துருவேறிய பூட்டில் சாவியை விட்டுத் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போனார் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அருகில் நின்ற தொழுநோய் கண்ட மெலிந்த சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் பிராண்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பிராண்ட். தொழுநோய் சதையை அரித்து விரல்களை உதிர்க்கும் என்று ஊர் மட்டுமல்ல, மருத்துவர்கள் பலரும் அன்று நம்பினார்கள். உண்மையில் கிருமி கெடுப்பது நரம்பை. உணர்ச்சி போன கை கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் பின்வாங்காது. சிராய் ஏறினாலும் பிடியைத் தளர்த்தாது. காயம், சீழ், மறுபடி காயம் என்று போய்ப் போய் எலும்பு கரைந்து விரல் குட்டையாகிறது. இரவில் விரல்களில் புதிதாகக் காயம் வருவது ஏன் என்று கண்விழித்துக் காவல் இருந்தபோது, தூங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

பிராண்டின் குழுவினர் ஒவ்வொரு புண்ணுக்கும் மூலம் தேடினார்கள். இந்தக் கொப்புளம் எந்த வேலையில் வந்தது? அடுப்பிலா, சுத்தியல் பிடியிலா, அணைக்க மறந்த பீடியிலா?

ஆக்குபேஷனல் தெரபியின் உயிர்க்கேள்வியும் இதுதான். அதை வேலை வாங்கித் தரும் சிகிச்சை என்றோ, பிசியோதெரபியின் இன்னொரு பெயர் என்றோ நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பல் துலக்குவது, குளிப்பது, தோசை வார்ப்பது, பேருந்தில் சில்லறை எடுப்பது என ஒருவரின் நாளை நிரப்பும் எல்லாமே அந்தத் துறைக்கு வேலைதான்.

“கால் வலிக்கவே இல்லையே, அப்புறம் எதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்?” நீரிழிவு உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நெடுநாள் நீரிழிவு பாத நரம்புகளை ஓசையின்றிக் கெடுக்கும். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் இருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லோடு நாள் முழுக்க நடந்துவிட்டு, சாயங்காலம் பாய் விரிக்கும்போது ரத்தக்கறையைப் பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைக் கண்மூடியவரின் பாதத்தில் வைப்பார்கள். அது தொட்டது தெரியாவிட்டால் பாதம் காவலை இழந்துவிட்டது என்று பொருள். அவர்களுக்கு எழுதித்தரும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர், வேலூர்ப் பக்கத்தில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்படுத்தப்பட்டதுதான்.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். மரத்த கால் அதைச் சொல்லாது. விரல்களும் மரத்திருந்தால் தன் கையால் சூடு பார்ப்பதிலும் பயனில்லை. வீட்டில் வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முள்முள்ளாக எழும்பிய அக்குபிரஷர் செருப்பும், பூங்காக்களில் எட்டு வடிவில் பதித்த கூழாங்கல் பாதையில் வெறுங்கால் நடையும் நரம்பைத் தூண்டி உணர்ச்சியை மீட்கும் என்று பலர் மனதார நம்புகிறார்கள். உணர்ச்சி குன்றிய பாதத்துக்கு அவை புண்ணைத்தான் தரும். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

உணர்வு என்றால் தோல் மட்டும்தான் என்பதும் சரியல்ல. பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும், கைகால் எங்கே இருக்கிறது என்ற உள்ளுணர்வையும் இழந்தார். தசைகளில் வலு இருந்தும் நிற்க முடியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே உடலை அசைக்கக் கற்று, மறுபடி நடந்தார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுந்துவிடுவார்.

நம் வீட்டுப் பெரியவர்களிடமும் இதன் சிறு சாயலைக் காணலாம். பகலில் நன்றாக நடப்பவர் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது தடுமாறுவார்; சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடியதும் தள்ளாடுவார். பாதம் தராத தகவலைக் கண் ஈடுகட்டி வந்தது. கண்ணும் மூடியதும் இரண்டும் இல்லை. தெரபிஸ்ட் சொல்லும் மாற்றங்கள் சின்னச் சின்னவை: குளிக்க ஒரு முக்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு, சுருண்டுகொள்ளும் மிதியடிக்கு விடை. சமையலறையில் எவர்சில்வர் டம்ளருக்குப் பதில் கைப்பிடி வைத்த கோப்பை, கரண்டிக்கு மரப்பிடி.

போன உணர்வு போனதுதானா? நீரிழிவிலும் தொழுநோயிலும் முற்றிலும் அழிந்த நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. அங்கே காப்பதே சிகிச்சை. பக்கவாதத்தில் கதை வேறு. பழுது மூளையில் என்பதால் மீண்டும் கற்க இடமிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லீயன் கேரி குழுவினர் பக்கவாதம் கண்ட 50 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொட்டு வேறுபாடு அறியும் பயிற்சி பெற்றவர்களின் உணர்வுத்திறன் தெளிவாக மேம்பட்டது. கண்ணை மூடி இரண்டு துணிகளின் சொரசொரப்பைத் தடவிப் பார்ப்பார்கள். பதில் சொன்னதும் கண்ணைத் திறந்து சரிபார்ப்பார்கள். பிறகு நல்ல கையால் அதையே தடவி ஒப்பிடுவார்கள். அதற்கடுத்து சாவி, நாணயம், பொத்தான் என்று கைக்குள் வைப்பதைப் பார்க்காமலே பெயர் சொல்லப் பழகுவார்கள்.