பகலில் பட்டினி, ராத்திரியில் பெருந்தீனி

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான்: "எப்படி இளைச்சே? சோத்தை விட்டுட்டியா?" கேட்பவர்களில் பாதிப் பேர், நான் 112 கிலோ இருந்தபோது என் இலையில் விழுந்த இரண்டாவது வடையைப் பார்த்துக் கண்ணாலேயே பேசிக்கொண்டவர்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சோற்றை நான் விடவே இல்லை. காலையில் மூன்று இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை என்று ஒரு வேளை விடாமல் சாப்பிட ஆரம்பித்தேன். அதன்பிறகுதான் எடை இறங்கியது. நான்கு வருஷத்தில் 38 கிலோ.

எனக்கு இருந்தது வாய்ருசி அல்ல. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே சாப்பிடுவேன். மிச்சமிருக்கும் சாதமும் குழம்பும் முதலில். தீர்ந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த பிஸ்கட். அதுவும் தீர்ந்தால் சர்க்கரை டப்பா. வயிறு வலிக்கும், கை நிற்காது. காலையில் காலி பாக்கெட்டுகளைக் குப்பைக்கு அடியில் தள்ளி வைப்பேன். இதை நோய் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. "வாயைக் கட்டத் தெரியலை" என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் 1959-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைப் பெருந்தீனிக் கோளாறு என்று தனி நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது. குறுகிய நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடாத அளவுக்குச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, சராசரியாக வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் இது தொடர்வது. கூடவே வேகமாகச் சாப்பிடுவது, பசியில்லாமல் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வருவது போன்ற அடையாளங்கள். என் சமையலறைக்குள் யாரோ நின்று பார்த்து எழுதியதைப் போல இருந்தது. இதை எனக்கு இருபத்தைந்து வயதில் ஒருவர் சொல்லியிருந்தால் பத்து வருஷம் மிஞ்சியிருக்கும்.

அந்தப் பத்து வருஷத்தில் என்னை அதிகம் கெடுத்தது பட்டினி. அதைக் காசு கொடுத்து வாங்கினேன். சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓர் எடை குறைப்பு மையம். ஆறு மாதப் பணத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன். காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கரைத்த பானம், மத்தியானம் இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் காயும், பசித்தால் வெந்நீர். முதலில் எடை மளமளவென்று விழுந்தது. என் போட்டோவைச் சுவரில் ஒட்டினார்கள். மூன்றாவது மாதம், அதுவரை அடங்கியிருந்த ராத்திரிச் சாப்பாடு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

வாரா வாரம் எல்லார் முன்னாலும் எடை பார்ப்பார்கள். ஏறியிருந்தால், என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, "நீங்க ஏமாத்துறீங்க மேடம்" என்பாள். அந்தப் பேச்சுக்குப் பயந்து எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாளும் பச்சைத் தண்ணீரோடு கிடப்பேன். பார்த்து முடித்து வெளியே வந்ததும் நேரே பேக்கரி. ராத்திரியில் என்ன செய்கிறீர்கள் என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். குறைந்த எடை அத்தனையும் திரும்பி வந்து, அதற்கு மேலும் ஏறியது. போட்டோ மட்டும் ரொம்ப நாள் சுவரில் இருந்தது.

மையத்தை விட்ட பிறகு விரதத்தைப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை, சஷ்டி, ஏகாதசி. விரதத்தை நான் குறை சொல்லவில்லை; என் அம்மா வாழ்நாள் முழுக்க சஷ்டி இருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. எடைக்காகக் கிடக்கும் பட்டினிக்கு சாமி பெயரை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வியாழக்கிழமை இரவு என் வீட்டில் நடந்தது பூஜை இல்லை.

பட்டினிக்கும் பெருந்தீனிக்கும் உள்ள சம்பந்தம் என் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1944-ன் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். உடம்பும் மனசும் திடமான 36 இளைஞர்கள், தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. அதோடு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு வந்தது, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். மறுபடி வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டபோது, அவர்களில் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தவித்தார்கள். முன்பு அவர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று என்னைச் சொன்னவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கதை இதைவிடக் கொடியது. 2025 ஜூலையில் குளச்சல் பக்கம் 17 வயதுப் பையன் ஒருவன் எடை குறைக்க யூடியூப் பார்த்து, மாதக்கணக்கில் பழச்சாறு மட்டுமே குடித்து இறந்துபோனான். அந்தச் செய்தி வந்த வாரமும் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் ஒரு ஜூஸ் டயட் சுற்றிக்கொண்டிருந்தது. நான் குழுவிலிருந்து வெளியே வந்தேன். இன்றுவரை திரும்பச் சேரவில்லை.

என்னை மீட்டவர் குரோம்பேட்டையில் பார்த்த மனநல ஆலோசகர். "பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்" என்று வீட்டில் சண்டை வந்தது. போனேன். முதல் நாளே, "இப்போதைக்கு எடையை மறந்துவிடுங்கள், முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி, எதற்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முந்தைய ராத்திரி என்ன நடந்திருந்தாலும், காலைச் சாப்பாடு உண்டு. இந்தக் கடைசி விதிதான் கஷ்டம், இதுதான் மருந்தும். ராத்திரி தின்றதற்குக் காலையில் தண்டனை கொடுத்தால் அடுத்த ராத்திரி தயாராகிவிடும்.

உங்களுக்கும் என்னைப் போலத்தான் இருக்கும்: காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, டிபன் டப்பா கட்டி, கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறி, தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலைப் பிடிக்கிற அவசரம். சாப்பிட நேரமில்லை என்பீர்கள். இட்லியை டப்பாவில் போட்டு எடுத்துப் போய் கிண்டி ஆபீஸில் உட்கார்ந்ததும் சாப்பிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நேரம். மத்தியானம் சாப்பிட்டதோடு வெறும் வயிறாக வண்டியேறி, கூட்டத்தில் நின்று தாம்பரம் வந்து இறங்கினால், ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி எண்ணெய் வாசனையைத் தாண்டிப் போக எந்த மனுஷியாலும் முடியாது. ஆபீஸைவிட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் அவித்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும். எனக்கு ராத்திரி அடங்கியது இந்த ஐந்து மணிச் சுண்டலால்.

அடுத்தது நோட்டு. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும்; ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதினால் பொய் கலந்துவிடும். என்ன, எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, அப்போது மனசு எப்படி. கலோரி எழுதக் கூடாது. கொஞ்ச நாளில் நோட்டே பேசியது: பெருந்தீனி வந்ததெல்லாம் பகலில் ஒரு வேளை விட்ட நாள், விருந்தாளி வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போன நாள். நாத்தனார் வந்துபோன ராத்திரிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் தின்பண்ட அலமாரியைப் பூட்டி, சாவியை என் கண்முன்னால் மாமியாரிடம் கொடுத்தவள். பூட்டு போட்ட வாரம்தான் நான் அதிகம் சாப்பிட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் பூட்டாதீர்கள், எண்ணாதீர்கள், தட்டைப் பார்க்காதீர்கள்.

மற்றதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. பெருந்தீனி நின்றபிறகு சாதத்தை ஒரு கரண்டி குறைத்துக் காயைக் கூட்டினேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடை. வாரம் ஒரே ஒரு தடவை எடை. தீபாவளி அதிரசத்தை விடவில்லை, விடவும் மாட்டேன். பெருந்தீனி நின்றாலே எடை தானாகக் கரைந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். இந்தச் சிகிச்சை சாப்பாட்டைச் சீராக்குகிறது. எடைக்குத் தனியாக உழைக்க வேண்டும், அது மெதுவாகத்தான் நகரும்.

ஆபரேஷன் செய்துகொள் என்று என்னை வற்புறுத்தியவர்கள் உண்டு. 2024 ஏப்ரலில், எடை குறைப்பு ஆபரேஷனுக்காகப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்த 26 வயது புதுச்சேரி இளைஞர் இறந்தபோது அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷனால் பிழைத்தவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற எடை குறைப்பு ஊசி இந்தியாவுக்கு வந்தபிறகு அதையும் சொல்கிறார்கள். அதுவும் பலருக்கு உதவுகிறது. இரண்டில் எதற்குப் போனாலும், ராத்திரிச் சாப்பாட்டை டாக்டரிடம் மறைத்துவிட்டுப் போகாதீர்கள். இரைப்பையைச் சின்னதாக்கியவர்களுக்கும் கட்டுமீறிச் சாப்பிடுவது திரும்பி வருவதுண்டு.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து "வெயிட் குறைக்கணும்" என்று மட்டும் சொன்னால் கையில் டயட் சீட்டு கிடைக்கும். எனக்கு அப்படிச் சேர்ந்தவை ஒரு கட்டு. "ராத்திரியில் தனியா சாப்பிடறேன், நிறுத்த முடியலை" என்றும், எத்தனை மாதமாக நடக்கிறது என்றும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். உதவி தேவைப்படும் ராத்திரி பதினொன்றரை மணிக்கு எந்த கிளினிக்கும் திறந்திருக்காது. இந்த எண்ணில் ஆள் இருப்பார்.