பெயர் கூறாத வாக்காளர்கள்

1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கெனப் பட்டியல் தயாரிக்கப்பட்டபோது, வடமாநிலப் பெண்கள் பலர் அயலாரிடம் தம் பெயரைக் கூற மறுத்தனர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிவாயினர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. பெயர் இல்லையேல் வாக்குரிமையும் இல்லை என்றார். பெயரளிக்கக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. பீகாரில் அது நன்கு பயன்பட்டது, ராஜஸ்தானில் அவ்வாறில்லை. முடிவில், சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் ஏறத்தாழ 28 லட்சம் பேர் நீக்கப்பட்டனர்.

இதனை அரசியலில் நாட்டமின்மை எனக் கொள்வது பொருந்தாது. தடுத்தது குடும்ப வழக்கமே. வாக்குப் பெட்டியைத் தெய்வமெனக் கருதி வணங்கியோரும் அத்தேர்தலில் இருந்தனர் அல்லவா? 1957 தேர்தலின்போது, விடுபட்ட பெண்களுள் பலர் தத்தம் பெயராலேயே பட்டியலில் இடம்பெற்றனர்.